வருஷம் முழுக்க விரதம்

காரைக்குடியில் என் வீட்டுக்காரரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். செக்காலை ரோட்டில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் சத்தியமூர்த்தி என்றால் விழிப்பவர்கள்கூட, "விரதக்காரச் செட்டியார்" என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். மூன்று வருஷத்தில் சம்பாதித்த பெயர் அது. அதற்கு முன்பெல்லாம் கோயிலுக்குப் போனால் பிரகாரம் சுற்றி முடிப்பதற்குள் யாராவது டிஸ்டெம்பர் விலை கேட்டு நிறுத்திவிடுவார்கள், இவரும் சந்தோஷமாக நின்றுவிடுவார். அப்படிப்பட்ட மனிதருக்கு ஐம்பது வயதில் பக்தி பிறந்தது.

சாதாரணமாகப் பிறக்கவில்லை. கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை. அது கழுத்தில் கிடக்கும்போதே பிள்ளையார் நோன்பு வந்துவிடும். எங்கள் நகரத்தார் வீடுகளில் எல்லாரும் இருக்கிற நோன்புதான். மற்ற ஆண்கள் கடைசி நாள் சாயங்காலம் வந்து மாவில் திரி வைத்து ஏற்றிய இழையைச் சுடரோடு வாயில் போட்டுக்கொண்டு போவார்கள். இவர் முதல் நாளிலிருந்தே பட்டினி. தையில் பழனிக்குப் பாதயாத்திரை. மாசியில் சிவராத்திரி. பங்குனியில் உத்திரம். ஆடியில் கிருத்திகை. ஐப்பசியில் கந்த சஷ்டி. சைவக் குடும்பத்துப் பிள்ளை, புரட்டாசி வந்தால் பெருமாளையும் விட்டுவைக்கவில்லை. நடுவில் ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டி அதற்கும் ஒரு சாமியைக் கண்டுபிடித்துவிடுவார்.

விரதம் என்றால் செருப்பு கிடையாது, கறி மீன் கிடையாது, மெத்தை கிடையாது. ஹாலில் பாயை விரித்துப் படுத்துவிடுவார். நான் உள்ளே கட்டிலில் படுப்பேன். கட்டிலின் மறுபாதியில் மடித்த துணிகளை அடுக்கி வைக்கும் பழக்கம் எனக்கு எப்போது வந்தது என்றே தெரியவில்லை.

"குடுத்து வச்சவுக ஆச்சி நீங்க. எங்க வீட்டு ஆளு பொழுது சாஞ்சா சீட்டுக்கட்டோட உக்காந்துக்கிறாக" என்பார்கள் கோயில் வாசலில் பார்க்கிற பெண்கள். நான் சிரித்துவைப்பேன். வேறு என்ன செய்ய? என் புருஷன் என்னைத் தொட்டு மூன்று வருஷம் ஆகிறது என்று கோயில் வாசலிலா சொல்ல முடியும்?

எங்கேயும் சொல்ல முடியாது. ஒரே மகள் தீக்ஷா பெங்களூரில் வேலை பார்க்கிறாள், அவளிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? எனக்கு நாற்பத்தெட்டு வயது. இந்த வயதில் உனக்கு என்ன கேடு என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம் வாயைக் கட்டிவிட்டது. ஆசையை விடுங்கள், அதை ஒரு ஓரமாக வைப்போம். பேசும்போதே தோளில் கையைப் போட்டுக்கொள்கிற மனிதர் அவர். இப்போது நான் காப்பி டம்ளரை நீட்டினால் விரல் படாமல் வாங்கினார். அதுதான் எனக்கு வலித்தது.

முதலில் வேறு யாராவது இருக்கிறார்களோ என்று சந்தேகப்பட்டேன். சட்டையை மோந்து பார்த்தேன். டர்பன்டைன் வாடைதான் வந்தது. அப்படியானால் குறை என்னிடம்தான் என்று முடிவு கட்டினேன். தலைக்குச் சாயம் பூசினேன். பியூட்டி பார்லருக்குப் போய்ப் புருவத்தைத் திருத்திக்கொண்டு வந்தேன். அவர் பார்த்துவிட்டு, "கண்ணம்மை, கண்ணு ஏன் வீங்கியிருக்கு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு மாலையைத் தடவிக்கொண்டே போய்விட்டார். அன்றைக்கு என் சமையலறையில் இரண்டு பாத்திரம் நெளிந்தது.

போன ஆவணியில் அவர் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே பெரிய பிளாஸ்டிக் டப்பா. அதன்மேல் சட்டை போடாத ஒருவன் புஜத்தை முறுக்கிக்கொண்டு நின்றான்.

"என்னங்க இது?"

"அமினோ ஆசிட். வெரதம் இருக்கிறவுகளுக்கு ஒடம்பு எளைக்காம இருக்க."

"ஆசிட்டையா குடிக்கப் போறீக?"

"அட, இது சத்துப் பொடி. பால்ல கலக்கிக் குடிக்கணும்."

சரி என்று எவர்சில்வர் டப்பாவில் கொட்டி, ஹார்லிக்ஸ் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் பாலில் கலக்கும்போதுதான் தெரிந்தது, அந்தப் பொடிக்குக் கருவாட்டு வாடை. மீன் தொடாத விரதக்காரர், காலையும் மாலையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைக் குடித்தார். சாமிக்கு ஆகுமா என்று கேட்டதற்குக் காலி டப்பாவை எடுத்துவந்து, சைவம் என்பதற்குப் போட்டிருக்கிற பச்சைப் புள்ளியைக் காட்டினார். பச்சைப் புள்ளி இருந்தது, அதனால் நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

அவருக்குச் சர்க்கரை வந்து எட்டு வருஷம் ஆகிறது, பிரஷரும் உண்டு. காலையிலும் சாயங்காலமும் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரையை எடுத்து வைப்பது என் வேலை. "போட்டுக்கிறேன், போட்டுக்கிறேன்" என்று கையில் எடுத்துக்கொள்வார். ஒரு வேளைகூட எடுத்துவைக்க மறந்ததில்லை என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

மார்கழியில் ஒரு நாள் காலை. பழனிக்கு மாலை போட்டிருந்தார். நான் ஹாலைத் துடைத்துவிட்டுத் துணியைப் பிழிந்து காயப்போட்டுத் திரும்பினால், ஈரத்தரையில் சிவப்பாக ஒரு புள்ளி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. கோலத்துக்குக் கரைத்த காவியை மிதித்துவிட்டார் என்று நினைத்து, "இப்பத்தானே தொடச்சேன்" என்று கத்திக்கொண்டே அதன் பின்னாலேயே போனேன். புள்ளிகள் சாமி அறைக்குள் போயின.

சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். வலது பாதம் மேல்பக்கமாகத் திரும்பியிருந்தது. கட்டைவிரலுக்குக் கீழே சதைக்குள் ஒரு போர்டு பின் முழுசாக இறங்கியிருந்தது. கடையில் கலர் அட்டையைப் பலகையில் குத்திவைக்கிற பின். பித்தளைத் தலை மட்டும் மினுங்கியது. சுற்றிலும் வெளுத்து ஊறி, ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது. குத்தி ஒரு நாளாவது ஆகியிருக்க வேண்டும்.

கீழே உட்கார்ந்து பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் பாட்டை நிறுத்தவில்லை. நான் பிடித்திருப்பதே அவருக்குத் தெரியவில்லை. மூன்று வருஷம் கழித்து அவரைத் தொடுகிறேன், அது அவருக்குத் தெரியவில்லை.

"என்னங்க! கால்ல வலிக்கலையா ஒங்களுக்கு?"

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "என்ன வலி?" என்றார்.

டாக்டர் ராஜப்ரியாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டுக்குப் பத்து வருஷமாகப் பார்க்கிற டாக்டர், வயதில் என்னைவிடச் சின்னவர், வாய் மட்டும் என்னைவிடப் பெரியது. பின்னை எடுத்து, சீழ் கட்டிய சதையை வெட்டிவிட்டு, விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை முந்நூற்று எண்பது.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

"போடுறேன்" என்றார் இவர்.

"நான்தான் டாக்டர் வேளை தவறாம எடுத்து வைக்கிறேன்" என்றேன் நான்.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆச்சி எடுத்து வைக்கிறீங்க, சரி. முழுங்குறதை யாரு பாக்குறது?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அங்கேயே ரத்தம் கொதித்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். இதே காலோடு பழனிக்கு நடந்திருந்தால் எதுவரைக்கும் எடுக்க வேண்டி வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். நடை கூடாது, வெறுங்கால் கூடவே கூடாது, தினமும் வந்து கட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். ஊசி போட்டு அனுப்பினார்.

காரை நான்தான் ஓட்டினேன். வீட்டுக்குப் போனால் இவர் சாமி அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வார் என்று தெரியும். கொப்புடையம்மன் கோயில் தாண்டி, ஷட்டர் இறக்கியிருந்த ஒரு கடை முன்னால் ஓரங்கட்டினேன்.

"மாத்திரையெல்லாம் எங்க போச்சு?"

"கடையில. காலி தின்னர் டின்னுக்குள்ள."

"எப்பருந்து?"

"ஆவணியிலருந்து."

"எதுக்கு?"

ஒரு டவுன்பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. பிறகு என்னைப் பார்க்காமல் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அந்த மாத்திரைதான் எல்லாத்தையும் கெடுக்குதுன்னு ஒரு வீடியோவுல சொன்னான். இந்தப் பொடியைக் குடிச்சா ரத்தக்கொழாய் தெறந்து பழையபடி ஆயிரும்னான். அதான் அதை நிறுத்திப்புட்டு இதைக் குடிச்சேன்."

"எது பழையபடி ஆகும்?" சத்தியமாக எனக்குப் புரியவில்லை.

"கண்ணம்மை, மூணு வருஷமா எனக்கு முடியலை." மாலையை விரலால் உருட்டினார். "ஆம்பளைன்னு சொல்லிக்க முடியலை. ரெண்டு தடவை ஒன்கிட்ட வந்துட்டு, தலவலின்னு சொல்லி எந்திரிச்சுப் போனேன், ஞாபகம் இருக்கா? மூணாந்தடவை என்ன சொல்றதுன்னு தெரியலை. அப்பத்தான் கார்த்திகை பொறந்துச்சு. மாலை போட்டா நீ கேக்க மாட்டியேன்னு போட்டேன்."

மூன்று வருஷத்துக் கார்த்திகை, மார்கழி, தை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மனதில் வந்துபோயின. அந்தப் பட்டினி, அந்தப் பாய், ஊரே கும்பிட்ட அந்த வெறுங்கால். பயத்தில் ஒரு மனுஷன் சாமியிடம் ஓடுவது புதிதில்லை. கட்டின பெண்டாட்டிக்குப் பயந்து வருஷம் முழுக்க ஓடினவர் இவராகத்தான் இருக்கும்.

"ஐயப்பன், பிள்ளையார், முருகன், பெருமாள்னு அத்தனை பேரையும் கூட்டியாந்து என் கட்டிலுக்குக் காவல் வச்சீகளா?" என்று கத்திவிட்டேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்துவிட்டது. இரண்டும் கலந்து இருமினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருஷமாகத் தொண்டையில் நின்றது அப்போதுதான் வெளியே வந்தது.

"என்னையப் பிடிக்காமப் போச்சுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"ஒன்னையா?" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். சூரியன் மேற்கே உதிக்கிறது என்று யாரோ சொன்னால் கேட்பாரே, அந்த மாதிரி கேட்டார். மூன்று வருஷம் நான் பூசிய சாயமும் திருத்திய புருவமும் அந்த ஒரு கேள்வியில் ஒன்றுமில்லாமல் போயின. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். துக்கத்தில் அழவில்லை. பக்கத்தில் நின்ற இளநீர்க்காரர் வண்டியில் ஏதோ கோளாறு என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் கட்டு மாற்றப் போனபோது பொடி வந்த பிளாஸ்டிக் டப்பாவையும் கையோடு எடுத்துப் போனேன். இவர் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நான் மேஜைமேல் டொக்கென்று வைத்துவிட்டு, நடந்தது அத்தனையும் சொன்னேன். பொம்பளை டாக்டர் முன்னால் இதையெல்லாம் பேசுகிறாளே என்று இவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் முகம் மாறவில்லை. மூட்டுவலியைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார்.

"இது சர்க்கரை இருக்கிற ஆம்பளைகள்ல பாதிப் பேருக்கு வரும். வந்து சொல்றவங்கதான் கம்மி. பொடியில இருக்கிறது ஆர்ஜினின்ங்கிற அமினோ ஆசிட். ஒடம்பு அதை வச்சு ஒரு வாயுவை உண்டாக்கும், அது ரத்தக்குழாயைத் தளர்த்தும், அதெல்லாம் உண்மைதான். சில பேருக்குக் கொஞ்சம் பலன் தெரிஞ்சதா சின்னச் சின்ன ஆராய்ச்சியும் இருக்கு. ஆனா அண்ணே, நீங்க பெயிண்ட் கடைக்காரர். சுவர் ஈரமா ஊறிக்கிட்டே இருக்கும்போது மேல எவ்வளவு நல்ல பெயிண்ட் அடிச்சாலும் நிக்குமா?"

"உரிஞ்சு வந்துரும்" என்றார் இவர். முதல் தடவையாக டாக்டர் முகத்தைப் பார்த்தார்.

"முந்நூத்தி எண்பதுதான் அந்த ஈரம். அது குழாயையும் கெடுக்கும், நரம்பையும் கெடுக்கும். கால்ல பின் ஏறினது தெரியலைல்ல? அதே கதைதான் இதுவும். மாத்திரையால வந்ததில்லை, சர்க்கரையால வந்தது. மாத்திரையை விட்டதால இன்னும் கூடியிருக்கு. மொதல்ல சர்க்கரையை எறக்குவோம். இருதயத்தையும் ஒரு தடவை பாத்துருவோம், ஏன்னா அங்கயும் இதே குழாய்தான். எல்லாம் சரியா இருந்தா இதுக்குன்னு வேற மாத்திரை இருக்கு, நானே எழுதித் தரேன். இந்தப் பொடி வேணாம். பிரஷர் மாத்திரையும் போடணும், ரெண்டும் சேர்ந்தா தலை சுத்தி விழுந்துருவீங்க."

இவர் கைகூப்பினார். சாமி முன்னால்கூட அவர் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. மாலை கழுத்தில் கிடக்கிறது, ஊருக்கெல்லாம் தெரியும், நடக்காமல் இருந்தால் என்ன ஏது என்று கேட்பார்கள். பாதயாத்திரைக் கூட்டத்துக்குப் பெரியவர் எங்கள் பங்காளி வீரப்ப அண்ணன். நானே அவர் வீட்டுக்குப் போய், காலில் புண், சர்க்கரை கூடியிருக்கிறது, நடக்கக்கூடாது என்று மட்டும் சொன்னேன்.

"அதுக்கென்ன ஆச்சி, சாமான் லாரியில வரட்டும்" என்றார் அவர். "முன்னாடியே போயி எறங்கி அடுப்பைப் பத்தவைக்க எனக்கு நம்பிக்கையான ஆளு வேணும். செருப்புப் போட்டுக்கிட்டு வரட்டும், முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான். மாத்திரையை என்கிட்ட குடுத்து விடுங்க, வாயைத் தெறக்கச் சொல்லிப் பாத்துட்டுத்தான் சோறு போடுவேன்."

சொன்னபடியே செய்தார். இந்த வருஷம் தைப்பூசத்துக்கு என் வீட்டுக்காரர் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பழனிக்குப் போனார். வழியெல்லாம் ரவா உப்புமா கிண்டி, சாம்பார் வைத்து, நடந்து வருகிறவர்களுக்குப் பரிமாறினார். திரும்பி வந்ததும் மாலையைக் கழற்றினார். மறுபடி எந்தச் சாமிக்கும் போடவில்லை. சாமிகளும் வந்து ஏன் என்று கேட்கவில்லை.

மாசி கடைசியில் புண் முழுசாக ஆறியது. சர்க்கரை நூற்று முப்பதுக்கு இறங்கியது. இருதயத்தைப் பரிசோதித்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார்கள். அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, மூன்று வருஷமாக நான் மனசுக்குள் சண்டை போட்ட அத்தனை சாமிக்கும் ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே நின்று நன்றி சொன்னேன். ராஜப்ரியா டாக்டருக்கும் வீரப்ப அண்ணனுக்கும் சொன்னேன். கலர் அட்டையிலிருந்து கழன்று விழுந்த அந்தப் பின்னுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். அது இவர் காலில் ஏறவில்லை என்றால் இவர் வாய் திறந்திருக்காது. ஒரு பொடியைக் குடித்துக்கொண்டு, ஊர் கும்பிடக் கும்பிட, என் கண் முன்னாலேயே இவர் அழிந்திருப்பார். நான் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு, என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போட்டிருந்தார். பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி இருந்தது அவர் முகம். பின்னால் வந்த வாரங்களில் அந்த மாத்திரை என்ன செய்தது என்று உங்களிடம் சொல்லப் போவதில்லை, அது எங்கள் வீட்டு விஷயம். ஆனால் அந்த முதல் நாள் சரிப்பட்டு வரவில்லை. பிறகு மெதுவாக எழுந்து கால்களைக் கீழே போட்டார்.

"எங்க போறீக?"

"கடையில ஒரு வேலை இருக்கு."

"ஞாயித்துக்கெழமை கடை ஏது?"

முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். எழுந்தால் பிடித்து நிறுத்துவதில்லை என்றும் மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். ஆனால் அவர் கால்களை மறுபடியும் கட்டில்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பிப் படுத்தார். முழுசாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஒனக்கு வருத்தமா இல்லையா கண்ணம்மை?"

"மூணு வருஷமா இருந்துச்சு" என்றேன். "இன்னைக்கு இல்ல."